இத்தனை வருடம் சொன்ன கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மறுபடி ஓடத் தொடங்கிவிட்டாய் என்பதில் நிம்மதி. பிரபலங்கள் பழைய சாதனைகளைச் சொல்லும்போது தெரிந்தேதான் ஊதிப் பெருக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

பால் ரயன் 2012-இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். அப்போது ஒரு வானொலிப் பேட்டியில், மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள், இரண்டு மணி ஐம்பது நிமிடச் சொச்சத்தில் ஓடியிருப்பதாகச் சொன்னார். தோண்டிப் பார்த்தால், அவர் ஓடியதே 1990-இல் ஒரே ஒரு மாரத்தான்; ஆன நேரம் 4 மணி 1 நிமிடம். பழைய விஷயம், தவறாகச் சொல்லிவிட்டேன் என்றார். நீ ஓடுகிறவன், நீயே சொல்: அந்த மூன்று மணிக் கோட்டைத் தாண்டினோமா இல்லையா என்பது ஒருவனுக்கு மறக்குமா? நான் நம்பவில்லை.

ஆனால் ஜார்ஜ் புஷ் கதை வேறு. 2001 செப்டம்பர் 11 காலை, பள்ளி வகுப்பறைக்குள் நுழையும் முன் முதல் விமானம் மோதியதை டிவியில் பார்த்ததாகச் சொன்னார். அந்த நேரத்தில் அந்தக் காட்சி எந்த டிவியிலும் வரவே இல்லை. இப்படிச் சொல்லி அவருக்கு என்ன லாபம்? சதிக் கதை கட்டுகிறவர்களுக்குத் தீனி கிடைத்ததுதான் மிச்சம். இது நினைவின் கோளாறு.

நினைவு அவ்வளவு மோசமானதா என்றால், ஆமாம். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்துத் திரும்பக் கேட்டபோது பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: தவறு சொன்னவருக்குச் சாதகமாக விழுந்திருக்கிறதா?

இங்கேதான் சிக்கல். போன வாரம் பழைய பெட்டியைக் குடைந்தபோது கல்லூரிப் பேச்சுப் போட்டிச் சான்றிதழ் அகப்பட்டது. முதல் பரிசு என்று மகளிடம், அலுவலகத்தில், ஏன், உன் முன்னாலேயே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதில் இரண்டாம் பரிசு என்று இருக்கிறது. சத்தியமாக நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. ரயனும் இதையேதான் சொல்லியிருப்பார். மேலே அவரைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை.

அப்புறம், அன்றைக்கு நீயும் மேடையில் இருந்தாயே, முதல் பரிசு யாருக்கு? உனக்கு என்றால், இத்தனை வருடம் ஏன்டா வாயைத் திறக்கவில்லை?

அன்புடன்,
உன் பழைய நண்பன்