மூடறதுக்கு முன்னாடி யாரு பாத்தாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல அவுட்டோர் கிச்சன், அதாவது வீட்டுக்கு வெளிய தோட்டத்துல கட்டற சமையல்கட்டு பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு, ஆனா எந்த கல்லு எந்த கலருன்னு அவ்ளோ விவரமா எழுதினவங்க பர்மிட்னு ஒரு வார்த்தை எழுதல, அதான் இந்த லெட்டர்.

நானும் கட்டி மாட்டினவன்தான். வேலை எடுத்தவர் "வீட்டுக்குள்ளயா கட்டறோம், பின்னாடி தோட்டத்துலதானே, இதுக்கெல்லாம் பர்மிட் எதுக்கு"ன்னாரு, நானும் தலையாட்டிட்டேன். கேஸ் பைப்புக்கும் ஒயருக்கும் பள்ளம் தோண்டி, மண்ணு தள்ளி, மேல கல்லு பதிச்சு எல்லாம் முடிஞ்சப்புறம் பில்டிங் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்தாரு. கேட்டது ஒரே கேள்வி, மூடறதுக்கு முன்னாடி யாரு பாத்தாங்க? யாரும் பாக்கல. பதிச்ச கல்லை பேத்து திரும்ப தோண்டினோம். நோட்டீஸ் வந்தது என் பேருக்கு, வேலை எடுத்தவர் அதுக்கப்புறம் போனே எடுக்கல.

அப்பதான் எனக்கு விளங்குச்சு, பில்டிங் ஆபீஸ்காரங்க கிச்சன்னு மொத்தமா பாக்கறதே இல்ல, அதுல என்னென்ன இருக்குன்னுதான் பாக்கறாங்க. சக்கரம் வச்ச அடுப்பு, ஒரு சிலிண்டர், ஒரு மேஜைன்னா பெரும்பாலும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. அதையே அசையாத மாதிரி கட்டி, கேஸ் லைன் இழுத்து, பிளக் பாயிண்ட் வச்சு, சிங்க் மாட்டி, மேல கூரையும் போட்டீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பர்மிட் கேக்கலாம். ரூல் ஊருக்கு ஊர் மாறும், பயம் ஒண்ணுதான்.

கேஸைத்தான் நான் பெருசா சொல்லுவேன். வெளியிலதானே, லீக் ஆனாலும் காத்துல போயிடும்னு நினைச்சுட்டிருந்தேன். சிலிண்டர்ல வர்ற கேஸ் காத்தை விட கனம், புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு, அதனால மேல ஏறாது, கேபினட்டுக்குள்ள அடியிலயே தேங்கும், நாம அடுப்பை பத்த வைக்கற வரைக்கும் அங்கயேதான் கெடக்கும். அதுக்குத்தான் கீழ்ப்பக்கம் காத்து போற ஓட்டை கேக்கறாங்க. பைப்ல வர்ற நேச்சுரல் கேஸ் இலேசு, அதுக்கு மேல்பக்கம் வேணும். பைப்புக்குள்ள காத்தை அடைச்சு கேஜ் முள்ளு இறங்குதான்னு பாப்பாங்க, ஜாயின்ட்ல லீக் இருந்தா தேடணும்ல, பள்ளத்தை மூடிட்டா எப்படி தேடறது? கேஸை நிறுத்தற வால்வும் நெருப்பைத் தாண்டி கையை நீட்டாம எட்டற எடத்துல இருக்கணும்.

கரண்டு சொல்லவே வேணாம், ஈரக் கை ஈரத் தரை, 30 மில்லி ஆம்பியர் கரண்டு லீக் ஆனாலே தானா ட்ரிப் ஆகி நிறுத்தற ஆர்சிசிபிங்கற பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாம வெளிய பாயிண்ட் வைக்காதீங்க. சிங்க் தண்ணியை மழைத்தண்ணி வடிகால்ல விட்டா அது பெரும்பாலும் சுத்தம் பண்ணாமலே ஆத்துக்கு போகும், அதான் கழிவுநீர் லைன்ல சேக்க சொல்றாங்க. கூரைன்னா எல்லையிலேர்ந்து எவ்ளோ தள்ளி இருக்கணும்ங்கற கணக்கு வேற.

இன்னொண்ணு, குடியிருப்போர் அசோசியேஷன்ல சரின்னுட்டாங்கன்னு சிலபேரு நிம்மதியா இருக்காங்க. அது வேற, இது வேற. வீட்டை விக்கறப்ப பிளான்ல இல்லாத கட்டடம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா அசோசியேஷன் லெட்டர் எடுபடாது.

அடுத்த வாட்டி இந்த மாதிரி போட்டா கேஸ், கரண்டு, தண்ணி, கூரை எதுக்கு யாருகிட்ட போகணும்னு ஓரமா ஒரு சின்ன பாக்ஸ் போடுங்க சார். அப்புறம் உங்க பெரிய போட்டோல சிலிண்டர் வச்ச கேபினட் ஒண்ணு தெரியுது, நான் பூதக்கண்ணாடி வச்சே பாத்துட்டேன், அடியில ஒரு ஓட்டையைக் கூட காணோம். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க.

இப்படிக்கு,
ரெண்டு தடவ தோண்டின வாசகன்