ஒஸ்கார் படத்தில் இல்லாத அத்தியாயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலாம் உலகப் போரைப் பற்றி 2022இல் வெளியான ‘ஓல் குவைட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ என்ற ஜேர்மன் படத்தை இங்குள்ள இளைஞர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நான்கு ஒஸ்கார் வாங்கிய படம். அந்தப் புகழில் பாதிதான் நியாயம்.

தொடக்கக் காட்சிக்கு எந்த விருதும் தகும். செத்த சிப்பாயின் உடுப்பைக் கழற்றி, இரத்தம் போக அலசி, கிழிசலைத் தையல் மெஷினில் மூட்டி, புதிதாகச் சேர்ந்த பெடியனிடம் கொடுக்கிறார்கள். இதில் வேறொருவரின் பெயர் இருக்கிறதே என்கிறான். அவனுக்கு அளவு சரிவந்திருக்காது என்று சொல்லி, அந்தத் துண்டைப் பிய்த்து எறிகிறார் அலுவலர்.

ஆனால் ஜேர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் மூல நாவலில், போல் என்ற அந்தப் பெடியன் லீவில் வீட்டுக்கு வருவான். நோயில் கிடக்கும் தாய், அங்கே மிகவும் கஷ்டமா என்று கேட்பாள். இல்லையம்மா என்று பொய் சொல்வான். நாவலின் உயிரே அதுதான். படத்தில் அது அடியோடு இல்லை. போர்நிறுத்தப் பேச்சும் கடைசி நிமிடத் தாக்குதலும்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன.

திரும்பி வந்த பிள்ளையிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் சோற்றை மட்டும் போட்டுக் கொடுத்த தாய்மார் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றாக விளங்கக்கூடிய பகுதியைத்தான் வெட்டிவிட்டார்கள்! இதே நாவலை வைத்து 1930இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த லீவுக் காட்சி உண்டு. மட்டக்களப்பில் படம் திரையிடுபவர்கள் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

வாசகர்,
கொக்கட்டிச்சோலை