அந்தப் பின் டயரை மாற்றினாயா?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. தென்னாப்பிரிக்காவிலிருந்து நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. தங்கச்சி வீட்டில் எல்லாரும் சுகம். அங்கே நீ, பாப்பா, மருமகள் மூன்று பேரும் சுகம்தானே?

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தங்கச்சியிடம் கொடுக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். காரின் பின்பக்க இடது டயர். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கும்போதுதான் கவனித்தேன். பட்டன் எல்லாம் தேய்ந்து மொட்டையாக இருக்கிறது. பாப்பாவின் சீட்டை அந்தப் பக்கம்தான் கட்டியிருக்கிறாய். அங்கே இப்போது மழைக்காலம் வேறு. அதை இந்த வாரமே மாற்றிவிடு.

நீ பணம் கட்டி அனுப்பிய க்ரூகர் காட்டு டூரைப் பற்றி அப்பா ஒன்றுமே சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார் என்று நினைத்திருப்பாய். சொல்ல நிறைய இருந்தது. காரில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், நீயும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். சரி, இப்போது சொல்கிறேன்.

பிரிட்டோரியாவிலிருந்து கிழக்கே போகிற அந்த ரோட்டில், மிடில்பர்க் தாண்டியதும் கைடு வேனை ஓரம் கட்டினார். மின்கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்ன வல்லூறுகள். உடம்பு சாம்பல், கால் மட்டும் செம்மஞ்சள். "ஐயா, இது உங்கள் நாட்டு வழியாக வந்தது" என்றார். அமூர் வல்லூறு என்று பெயர். சைபீரியா, வடசீனப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் நவம்பரில் நாகாலாந்தில் இறங்கி, ஈசல் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, அப்புறம் அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டி ஆப்பிரிக்கா வருகிறது. நாகாலாந்தில் 2012-இல் தோயாங் அணைப் பக்கம் வலை கட்டி இதை ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்றார்கள். அடுத்த வருஷமே ஊர்க்காரர்கள் சேர்ந்து அதை நிறுத்தினார்கள். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, தம்பி. அது வருஷம் தவறாமல் போகிறது, வருஷம் தவறாமல் வருகிறது. நீ ஏழு வருஷத்தில் இரண்டு தடவை வந்தாய். உன்னைக் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை, கம்பியைப் பார்த்ததும் அந்தக் கணக்கு தானாக மனதில் ஓடியது.

க்ரூகர் காடு நான் நினைத்ததைவிடப் பெரியது. தெற்கு வடக்காக 350 கிலோமீட்டர், பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். நம் பழைய திருநெல்வேலி மாவட்டம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்றையும் சேர்த்தாலும் அதற்குள் அடங்கிவிடும். முகாம் கேட்டைக் காலை 4.30-க்குத் திறக்கிறார்கள், மாலை 6.30-க்குள் திரும்பிவிட வேண்டும். அனுமதி உள்ள இடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. தார் ரோட்டில் 50-க்கு மேல் போகக்கூடாது. கைடு தினமும் விடிகாலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் நாலு டயரையும் குனிந்து தடவிப் பார்ப்பார். ஒரு நாள்கூட விடவில்லை. ஏர்போர்ட்டில் உன் டயரைப் பார்த்ததும் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பறவையில் பாதி நம் சொந்தக்காரர்கள்தான். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அப்படியே நம் வாய்க்கால் மீன்கொத்தி, ஒரு மாற்றமும் இல்லை. கரிச்சானுக்கு அங்கே ஒரு பங்காளி உண்டு. பனங்காடைக்கும் உண்டு, நெஞ்சில் மட்டும் கத்தரிப்பூ நிறம். மரத்துக்கு மரம் தூக்கணாங்குருவிக் கூடு. ஆறு நாளில் 171 வகை பார்த்ததாகக் கைடு கணக்குச் சொன்னார். யானை, சிங்கம், நீர்யானை எல்லாம் பார்த்தோம். சிங்கத்தைப் பார்க்க வண்டி மேல் வண்டியாக நின்றது. எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை.

எனக்குப் பிடித்தது தண்ணீர்ப் பேச்சு. சடாரா முகாமுக்கு அப்பால் ஓடாத காற்றாலை பம்பு ஒன்று நின்றது. பழுதா என்று கேட்டேன். இல்லை, வேண்டுமென்றே நிறுத்தியது என்றார். வறட்சிக்காக முன்பெல்லாம் காடு முழுக்க நூற்றுக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டு, அணை கட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வடக்கே வறண்ட புல்வெளியில் ரோன் என்று ஒரு பெரிய மான் உண்டு. தண்ணீர் வந்ததும் வரிக்குதிரைக் கூட்டம் வந்தது, அதன் பின்னாலேயே சிங்கம் வந்தது. 1986-இல் சுமார் 450 இருந்த ரோன் மான், 1993-இல் 45 ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கிணறுகளை மூட ஆரம்பித்தார்களாம். 34 வருஷம் பாசனத்தில் இருந்தவன் நான். தண்ணீர் விட்டால் கெடுதல் வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்று ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் நான் ஏதாவது கேட்டிருந்தால், புத்தி சொல்லியிருந்தால், அதுவும் அப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ. அதனால்தான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது சரிதானா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். அம்மா கொடுத்துவிட்ட சேலை இரண்டாவது தட்டில் கவரோடு அப்படியே இருக்கிறது. கேப்டவுன் வேலை முடிந்து வந்ததும் கொடு.

ஐந்தாம் நாள் விடியும் முன் தூரத்தில் யாரோ உரல் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தும், தும் என்று அடிவயிற்றில் கேட்டது. தரை இருவாட்சி. வெளிச்சம் வந்ததும் ரோட்டிலேயே ஐந்து நடந்து வந்தன. வான்கோழி அளவு இருக்கும், உடம்பு கருப்பு, முகமும் தொண்டையும் ரத்தச் சிவப்பு. ஒன்றுக்கு மட்டும் முகம் இன்னும் வெளிறிய மஞ்சள், அது குஞ்சு. ஒரு பெரியது தவளையைப் பிடித்துக் கீழே போட்டு, அலகால் இரண்டு தரம் நசுக்கி, அதன் வாயில் கொண்டுபோய் வைத்தது. அது அப்பாவா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். கூட்டத்தில் ஒரு ஜோடிதான் முட்டையிடும், மற்றதெல்லாம் கூட இருந்து இரை கொண்டு வந்து கொடுக்கும். ஒரு கூட்டம் ஒரே ஒரு குஞ்சை வளர்த்து ஆளாக்குவதற்குச் சராசரியாக ஒன்பது வருஷம் ஆகிறதாம். கூட ஆள் இல்லாமல் முடியாது என்றார்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். எழுதாமல் வைத்திருப்பது இரண்டாம் நாள் பார்த்தது.

ஸ்குகுசா பக்கத்தில் லேக் பேனிக் என்று ஒரு சின்ன அணை. கரையில் மர மறைப்புக் கட்டிப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்க்கலாம். தண்ணீர் முழுக்க ஆம்பல் இலை. இலை மேல் ஒரு இலைக்கோழி. நம் குளத்தில் பார்ப்போமே, அதே சாதி. இது செம்பழுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, நெற்றியில் நீலப் பட்டை. கூட மூன்று குஞ்சு. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு, விரல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் கலங்கி ஒரு முதலையின் மூக்கு தெரிந்தது. இலைக்கோழி ஒரு குரல் கொடுத்தது. கொடுத்துவிட்டுக் காலை மடக்கிக் குனிந்து இரண்டு இறக்கையையும் லேசாகத் திறந்தது. குஞ்சுகள் ஓடிவந்து உள்ளே நுழைந்துகொண்டன. இறக்கையை மூடி எழுந்து நின்றது. இறக்கைக்குக் கீழே ஈர்க்குச்சி மாதிரி கால்கள் தொங்கின. எண்ணிப் பார்த்தேன், ஆறு. அப்படியே இடுக்கிக்கொண்டு இலை இலையாக நடந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

"இது அப்பா" என்றார் கைடு. முட்டையிடுவது மட்டும்தான் தாய். அடைகாப்பது, வளர்ப்பது, தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் தகப்பன். பக்கத்தில் இருந்த இங்கிலாந்து அம்மா பைனாகுலரைக் கேட்டார்கள். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை, தம்பி. மருமகள் நல்ல பிள்ளை. உங்களுக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது, நீ சொல்லாதவரை கேட்க மாட்டேன். ஆனால் கேப்டவுன் வேலைக்குப் போனவர்கள் வீட்டிலிருந்த எல்லாச் செருப்பையும் கொண்டுபோக மாட்டார்கள். ஆறு நாள் அப்பா வீட்டில் இல்லாமல் இருந்தால் ஆறு நாள் பதில் சொல்ல வேண்டாம் என்று நீ அந்த டூரைப் போட்டாய். அதில் எனக்கு வருத்தம்தான். பறவை பார்க்கவா நான் அவ்வளவு தூரம் வந்தேன்?

நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து ராத்திரி நீங்கள் பேசினதைக் கேட்டேன். "அம்மா எப்ப வருவா?" என்று பாப்பா கேட்டாள். நீ பொய் சொல்லவில்லை. "தெரியல பாப்பா. தெரிஞ்சதும் உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்" என்றாய். அப்புறம் அவள் தூங்குகிற வரைக்கும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்.

92-இல் உனக்கு ஆறு வயசு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஐந்து மாதம் உன்னைக் கடையத்தில் ஆச்சி வீட்டில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாய். அந்த நவம்பரில் வெள்ளம் வந்தது. இன்றைக்கும் வீட்டில் எல்லாரும் என்ன சொல்கிறார்கள்? "அப்பாவுக்கு வெள்ள டூட்டி, பாவம், பிள்ளையைக்கூடப் பார்க்க முடியவில்லை" என்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. என் வெள்ள டூட்டி டிசம்பரிலேயே முடிந்துவிட்டது, தம்பி. அம்பாசமுத்திரத்திலிருந்து கடையத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மார்ச் வரைக்கும் நான் வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பொங்கலுக்கு. லீவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் படுத்துக் கிடந்தேன். வந்தால் நீ "அம்மா எப்ப வருவா?" என்று கேட்பாய். பிழைப்பாளா என்றே எனக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு வராமல் இருந்தேன். ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டவோ தலை வாரவோ அப்போது எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை.

அந்த இலைக்கோழியைப் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்தேன். நீ இதையெல்லாம் என்னிடம் கற்றிருக்க முடியாது. எங்கே கற்றாயோ, நல்லபடியாகக் கற்றிருக்கிறாய். பாப்பாவுக்கு நீ எடுக்கிற வகிடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

இன்னொன்று. பாப்பாவுக்கு இறகு கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். முகாமில் புள்ளி போட்ட கினிக்கோழி இறகு ஒன்று கிடைத்தது. காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது என்று கைடு சொன்னதால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். தாத்தா மறக்கவில்லை என்று நீ சொல்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாப்பாவுக்கு யாரு தலை பின்னுறா?" என்றாள். "நல்லாத்தான் பின்னியிருக்கு" என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. மறுநாள் கடைக்குப் போய்ச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அரை டஜன் ரிப்பன் வாங்கி வந்து உன் பழைய பெட்டியில் வைத்திருக்கிறாள்.

டயரை மாற்றியதும் ஒரு போட்டோ அனுப்பு. பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எனக்குப் பாஸ்போர்ட் இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. முகாமில் தங்க வேண்டாம், டூர் எதுவும் போட வேண்டாம், பாப்பா ரூமில் கீழே ஒரு பாய் போதும். ரிப்பனை யாரிடமாவது கொடுத்துவிடவா, நானே கொண்டு வரட்டுமா?

இப்படிக்கு,
அப்பா