பெயிண்ட் அப்புறம் அடிக்கலாம் கண்ணு

கண்ணு, குட்டிப்பையனுக்கு சளி விட்டுச்சா? நேத்து நீ உங்க டெல்லி அடுக்குமாடி அசோசியேஷன்ல கட்டடத்துக்கு பெயிண்ட் அடிக்க காசு பிரிக்கிறாங்கன்னு சொன்னதுல இருந்து எனக்கு தூக்கம் வரல, போன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு வச்சிடுவ, அதான் டைப் பண்றேன்.

2001 ஜனவரி 26 உனக்கு ஞாபகம் இருக்காது, மூணு வயசு. அகமதாபாத் மணிநகர்ல இருந்தோம். காலைல 8:46, கொடியேத்தத்துக்கு சட்டை மாட்டிட்டு இருந்தேன், தரை ஆடுச்சு, அம்மா உன்னை தூக்கிட்டு தெருவுக்கு ஓடினா. பூகம்பம் வந்தது கட்ச்ல, 200 கிலோமீட்டருக்கு மேல தூரம், ஆனாலும் நம்ம ஊர்ல அடுக்குமாடிங்க விழுந்துச்சு. சாயங்காலம் இடிபாடு அள்ளப் போனேன். ஒரு கட்டடத்துல முதல் மாடி ஜன்னல் கண்ணாடி கூட உடையல, ஆனா அந்த ஜன்னல் என் இடுப்பு உயரத்துல இருக்கு. கீழ இருந்த கார் நிறுத்துற தளமே நசுங்கிப் போச்சு.

மேல எல்லாம் செங்கல் சுவர் இருக்கு, விறைப்பா நிக்கும், கீழ வெறும் பில்லர், மொத்த ஆட்டத்தையும் அதுதான் வாங்குது. உடைஞ்ச பில்லர்ல, நெட்டுக் கம்பிங்களைச் சுத்திக் கட்டுற ரிங்கோட கொக்கியை 90 டிகிரில மடக்கி விட்டிருந்தாங்க, கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைப் பொளந்து உள்ள இருந்த கம்பி வளைஞ்சு கிடந்துச்சு. 135 மடக்கி உள்ளுக்குள்ள சொருகியிருக்கணும். நானும் அதுக்கு முன்னாடி வேலை பார்த்த எத்தனையோ கட்டட சைட்ல 90-ஐ பார்த்துட்டு பேசாம விட்டிருக்கேன், இன்னிக்கும் உறுத்துது.

உங்க கட்டடம் கட்டினது 1998, அதுவும் ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கீழ வெறும் பில்லர்தான். இப்படி சுவர் இல்லாத தளத்து பில்லரை கணக்குல வர்ற பூகம்ப விசையைப் போல ரெண்டரை மடங்குக்கு டிசைன் பண்ணணும்னு ஐஎஸ் 1893-ல, அதான் நம்ம நாட்டு பூகம்ப டிசைன் விதிப் புத்தகத்துல, வந்தது 2002-லதான். டெல்லிக்கு இமயமலை பக்கம் வேற, 1999-ல இமயமலைல சமோலில வந்த பூகம்பத்துக்கே டெல்லில சில கட்டடத்துல விரிசல் விட்டுச்சு.

அந்தக் காசுல முதல்ல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூப்பிடுங்க. பழைய டிராயிங் தேடுங்க, ஸ்கேனர் வச்சு கம்பியும் ரிங் இடைவெளியும் பார்க்கச் சொல்லு, சுத்தியல் டெஸ்ட் மேல்பக்கத்தைத்தான் சொல்லும், கோர் எடுத்தாத்தான், அதாவது துளை போட்டு உருளையா ஒரு துண்டு எடுத்தாத்தான், உள்ள இருக்கிற கான்கிரீட் தெரியும். சரியில்லன்னா பில்லரைச் சுத்தி புதுக் கம்பி கட்டி கான்கிரீட்ல ஜாக்கெட் போடலாம், இல்ல சில பில்லருக்கு நடுவுல அஸ்திவாரத்துல இருந்தே கான்கிரீட் சுவர் எழுப்பலாம், ஆனா ரெண்டு திசையிலயும் சமமா வரணும், ஒரு ஓரமா மட்டும் வச்சா கட்டடம் திருகும். ரெண்டு மூணு கார் இடம் போகும், அதுக்கு சண்டை வரும், வரட்டும்.

இன்னிக்கே பார்க்கிங்ல ஒவ்வொரு பில்லரோட அடியையும், பீம் சேர்ற இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. மீட்டிங் தேதி சொல்லு, நான் டிக்கெட் போட்டு வந்துடுறேன், எனக்கு ஹிந்தி இன்னும் மறக்கல.

அப்பா