எண்ணெய்க் கிணற்றடியில் நின்றவர்களையும் எழுதுங்கள்

மட்டக்களப்பில் ஊர் வரலாறும் கோயில் சிறப்பு மலர் நூல்களும் தொகுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் அப்பா காலமானார். 31ஆம் நாள் முடிந்து வீடு அடங்கிய பிறகு, வீட்டில் இருந்த ஆரையம்பதி மலர்களைப் புரட்டினேன். கூத்துப் பழக்கிய அண்ணாவிமார் இருக்கிறார்கள், பாடசாலை அதிபர்கள் இருக்கிறார்கள். குவைத் எண்ணெய் வயலில் உழைத்து இந்த ஊரில் வீடுகளை எழுப்பியவர்கள் ஒரு வரியிலும் இல்லை.

அப்பா அங்கே புர்கான் வயலில், கிணறு துளைக்கும் ரிக்கில் வேலை செய்தவர். கோடையில் வெயில் 50 பாகையைத் தொடும். ஆனால் கிணற்றடியில் வெயிலை விடப் பயப்பட வேண்டியது ஐதரசன் சல்பைட்டு வாயுவுக்குத்தான். முதலில் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். "நாத்தம் நிண்டா வாயு போயிட்டு எண்டு நினைக்கப்படா மனே, அப்பதான் ஓடணும்" என்பார். ஓடுவதும் காற்று வரும் பக்கம் பார்த்துத்தான். அதற்காக ரிக்கில் காற்றின் திசை காட்டும் துணிப்பை ஒன்று பறக்குமாம். ஓய்வு பெற்று வந்த பிறகும் முற்றத்துத் தென்னையில் துணித்துண்டு ஒன்றைக் கட்டி, வீசுவது கச்சான் காற்றா வாடைக் காற்றா என்று பார்த்துவிட்டுத்தான் காலைத் தேநீர் குடிப்பார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்.

1990 ஓகஸ்டில் ஈராக் படை புகுந்தபோது ஜோர்தான் வழியாக ஒற்றைப் பையோடு தப்பி வந்தார். வந்து பார்த்தால், இங்கே ஜூனிலேயே யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. இடம்பெயர்ந்திருந்த எங்களைத் தேடிப் பிடிக்கவே அவருக்கு நாட்கள் எடுத்தன.

1992இல் திரும்பவும் போனார். 600க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்து அணைந்த மண் அது. எண்ணெய் குளம் குளமாகத் தேங்கிக் கிடந்ததாம். அங்கே ஏன் போனார்? அக்காமார் இருவருக்கும் வீடு கட்ட வேண்டும். பெண்பிள்ளைக்கு வீடு என்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய பொறுப்பு என்று உங்களுக்குத் தெரியும். இரண்டையும் கட்டி முடித்தார். சின்னக்கா வீட்டு விறாந்தையில்தான் கண்ணை மூடினார்.

கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார். அம்மா சமைக்கும்போது அதைப் போட்டுவிடுவார். பல வருடம் எங்களுக்கு அப்பா என்றால் அந்தக் குரல்தான்.

அடுத்த மலரில் இவர்களுக்குப் பக்கம் ஒதுக்குங்கள். யார், எந்த ஆண்டு, எந்த வயலில், என்ன வேலை என்று எழுதுங்கள். அப்பாவின் வேலை அட்டையும் 9 கசெட்டுகளும் என்னிடம் இருக்கின்றன, தருகிறேன். அவரோடு ஒரே ரிக்கில் நின்ற கூட்டாளி ஒருவர் காத்தான்குடியில் இருக்கிறார். 80 வயது தாண்டிவிட்டது, ஞாபகம் தெளிவாக இருக்கிறது. முதலில் அவரிடம் போங்கள்.

இப்படிக்கு,
ஆரையம்பதியிலிருந்து ஒரு மகன்