எஃப் 1.4-இல் பார்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சேதி, கேமராவோடு வந்த கிட் ஜூமை ஒதுக்கிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் வாங்கியிருக்கிறாய் என்பதுதான். (எஃப் எண் சிறியதானால் ஒளி புகும் திறப்பு பெரிது; எண்ணைக் கூட்டுவதைத்தான் மூடுவது என்கிறேன்.) ஆனால் அடுத்த வரியிலேயே கவலையும் வந்துவிட்டது. சுவரில் செய்தித்தாள்களை ஒட்டி எடுத்த படத்தில் வலது ஓரம் மங்கல், திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறாய். அவசரப்படாதே. அந்த மங்கலுக்கு லென்ஸும் காரணமாக இருக்கலாம், கேமரா சுவருக்கு நேராக நிற்காததும் காரணமாக இருக்கலாம். எது என்று தெரியாமல் மாற்றினால் நல்ல லென்ஸைக் கொடுத்துவிட்டு மோசமானதை வாங்கி வருவாய்.

கணக்குப் போட்டுப் பார். ஃபுல் ஃபிரேமில், அதாவது 36 மி.மீ. அகலச் சென்சாரில், 50 மி.மீ. லென்ஸ் 2.5 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலத்தை அடைக்கிறது. 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, எஃப் 1.4-இல் கூர்மை தாங்கும் ஆழம் முன்னே இரண்டு சென்டிமீட்டர், பின்னே இரண்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். கேமரா ஒன்றரை டிகிரி திரும்பியிருந்தாலே படத்தின் ஓரம் இந்த ஆழத்தைத் தாண்டிவிடும். ஒன்றரை டிகிரி கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சுவர்ச் சோதனையில் இத்தனை நல்ல லென்ஸ்கள் கெட்ட பெயர் வாங்குகின்றன.

சுவரிலேதான் பார்ப்பேன் என்றால் ஒரு சிறு கண்ணாடியைச் சுவரோடு ஒட்டினாற்போல், படத்தின் நடுவில் வருமாறு பொருத்து. அதில் உன் லென்ஸின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே டிரைபாடை நகர்த்து. லென்ஸின் நடுப்புள்ளி திரையின் நடுப்புள்ளியில் அப்படியே விழுந்தால் கேமரா சுவருக்கு நேர். பிறகு கண்ணாடியை எடுத்துவிடலாம். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்), இரண்டு நொடி டைமர். டிரைபாடில் இருக்கும்போது கேமராவின் ஸ்டெபிலைசேஷனை, அதாவது கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதியை, அணைத்துவிடு. திரையைப் பெரிதாக்கி நடுவில் கையால் ஃபோகஸ் செய்து 1.4, 2, 2.8, 4, 5.6 என்று ஐந்து படம். அடுத்து வலது ஓரத்தில் ஃபோகஸ் செய்து ஒரு வரிசை, இடது ஓரத்தில் ஒரு வரிசை.

இந்த இரண்டாவது, மூன்றாவது வரிசைகளைத்தான் பலர் எடுப்பதில்லை. விடை அவற்றில்தான் இருக்கிறது. அங்கே ஃபோகஸ் செய்ததும் இரண்டு ஓரமும் ஒரே அளவில் தெளிந்தால், கூர்மைத் தளம் சற்றே கிண்ணம்போல் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். அது வடிவமைப்பின் இயல்பு, பழுதல்ல. ஆள்களைப் படம் எடுப்பவனுக்கு அதனால் நஷ்டமும் இல்லை. ஒரு ஓரம் மட்டும் ஃபோகஸ் மாற்றித்தான் தெளிகிறது என்றால் ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. எவ்வளவு ஃபோகஸ் செய்தும் ஒரு ஓரம் தெளியவே இல்லை என்றால் உள்ளே ஏதோ ஒரு வில்லை மையம் பிசகியிருக்கிறது என்று சந்தேகப்படு.

இதைவிட நம்பகமான வழி சுவரை விட்டு வெளியே வருவது. 300 மீட்டருக்கு அப்பால் கம்பி, கிராதி, எழுத்து என்று நுணுக்கம் நிறைந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடு. ஏன் 300 என்றால், அந்தத் தூரத்துக்கு மேல் எஃப் 1.4-இல்கூட எல்லாமே முடிவிலிபோல்தான்; கேமரா கொஞ்சம் திரும்பினாலும் ஃபோகஸ் மாறாது. நடுவில் ஃபோகஸ் செய்து கையால் பூட்டிவிட்டு, அதே பொருளை நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் எடு. விடியற்காலையில் செய். வெயில் ஏறினால் கானல் அலை நுணுக்கத்தை எல்லாம் கரைத்துவிடும். நான்கு மூலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எஃப் 1.4-இல் மூலைக்கு மூலை சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள். எஃப் 2.8-க்குப் பிறகும் ஒரு மூலை மட்டும் பளிச்சென்று பின்தங்கினால் தயங்காமல் மாற்று. அதற்கு முன் வேறொரு லென்ஸை மாட்டி ஒரு முறை பார்த்துவிடு. அதிலும் அதே பக்கம் மங்கினால் குற்றம் கேமராவின் மவுன்ட்டிலோ சென்சாரிலோ இருக்கிறது.

இது உடல் பரிசோதனை மட்டும்தான். குணம் பார்ப்பது இனிமேல். எஃப் 5.6-க்கு மூடினால் பழுதில்லாத எந்த ஐம்பதும் நன்றாகவே வரையும். அதற்காக யாரும் எஃப் 1.4 வாங்குவதில்லை. நீ காசு கொடுத்தது முழுத் திறப்புக்கு, அதுவும் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில், முகம் நடுவில் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கும் படங்களுக்கு. சோதனையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

மேசையில் ஒரு அளவுகோலைக் கேமராவை நோக்கி 45 டிகிரி சாய்வில் வை. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 1.4-இல் நடுக்கோட்டில் ஃபோகஸ் செய். வளையத்தைத் தொடாமல் 1.4, 2, 2.8, 4 எடு. கேமராவைத் தூங்க விடாதே. மோட்டார் வழியாக நகரும் ஃபோகஸ் என்பதால் தூங்கி எழும்போது சில லென்ஸ்களில் இடம் மாறிவிடும், சோதனை வீணாகும். இப்போது மிகக் கூர்மையான கோடு எது என்று பார். மூட மூட அது பின்னால் நகர்ந்தால் ஃபோகஸ் தள்ளாட்டம் இருக்கிறது என்று பொருள். இதற்குக் காரணம் கோளப் பிறழ்ச்சி. வில்லையின் விளிம்பு வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வருபவையும் ஒரே இடத்தில் குவிவதில்லை. திறந்திருக்கும்போது இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தைக் கேமரா பிடிக்கிறது. மூடியதும் விளிம்புக் கதிர்கள் அடைபட, குவியும் இடம் மாறுகிறது. எஃப் 2.8-இல் கண்ணுக்குக் குறிவைத்துக் காது கூர்மையாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு எடுக்கும் நொடியில் மூடும் கேமராக்களில்தான் இந்தத் தொல்லை. எடுக்கும் அபர்ச்சரிலேயே (திறப்பளவிலேயே) ஃபோகஸ் செய்யும் அமைப்பு உன் கேமராவில் இருந்தால் அதைப் போட்டுக்கொள், மங்கிய வெளிச்சத்தில் வேகம் சற்றுக் குறையும் என்பதை மட்டும் நினைவில் வை.

அதே படங்களில் இன்னொன்றும் தெரியும். கூர்மைக்கு முன்னால் உள்ள எண்கள் ஊதாச் சாயலிலும் பின்னால் உள்ளவை பச்சைச் சாயலிலும் இருக்கும். இது நீளவாட்டு நிறப்பிறழ்ச்சி. மூலைகளில் வரும் நிற விளிம்பை மென்பொருள் ஒரு சொடுக்கில் நீக்கிவிடும், இது அப்படிப் போகாது. வெள்ளிக் கொலுசு, வெள்ளைச் சட்டையின் ஓரம், பின்வெளிச்சத்தில் முடி எல்லாம் இதைக் காட்டிக்கொடுக்கும். எஃப் 2.8-க்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எஃப் 1.4-இல் அது எவ்வளவு இருக்கிறது என்பதுதான் ஒரு சாதாரண ஐம்பதையும் சிறந்த ஐம்பதையும் பிரிக்கும் கோடு என்பது என் கருத்து. மூலைக் கூர்மையைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

பின்னணி மங்கலுக்கு, சீரியல் விளக்குகளை ஐந்து மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு ஒரு மீட்டரில் ஃபோகஸ் செய். ஒவ்வொரு விளக்கும் ஒரு வட்டமாகும். வட்டத்தின் விளிம்பு கோடு போட்டாற்போல் பிரகாசமாக இருந்தால் இலை, புல், கம்பி வேலி எல்லாம் பின்னணியில் பரபரப்பாகத் தெரியும். உள்ளே வெங்காயம் நறுக்கியதுபோல் வளையங்கள் தெரிந்தால் அவை அச்சில் வார்த்த அஸ்பெரிகல் (கோள வடிவில் அமையாத) வில்லைகளின் மேற்பரப்புத் தடங்கள். ஓரத்துக்குப் போகப் போக வட்டம் பூனைக்கண்போல் ஒடுங்கும். லென்ஸின் குழலே சாய்ந்து வரும் ஒளியின் ஒரு பகுதியை மறைப்பதுதான் காரணம். திறப்பு பெரிதான எல்லா லென்ஸிலும் இது உண்டு, எஃப் 2-க்குள் நன்றாகவே குறையும்.

வெயிலில் எடுத்த படத்தில் வட்டங்களின் ஒரு பக்கம் கத்தியால் சீவியதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு லென்ஸைக் குறை சொல்லாதே. உன் கேமரா முதல் திரை மட்டும் எலெக்ட்ரானிக் என்ற ஷட்டர் முறையில் இருக்கிறது. ஒளியை ஏற்கும் தொடக்கம் சென்சாரின் பரப்பிலேயே நடக்கிறது; முடித்து வைக்கும் மெக்கானிக்கல் திரையோ சென்சாருக்குச் சற்று முன்னால் ஓடுகிறது. 1/2000 நொடியைத் தாண்டும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு மிகக் குறுகலாகி, அகன்ற கூம்பாக வரும் ஒளியின் ஒரு பக்கத்தைத் திரை வெட்டிவிடுகிறது. வேகமான ஷட்டரில் முழு மெக்கானிக்கலுக்கு மாறு, சரியாகிவிடும்.

நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16-க்கு 1/100 நொடி என்பது பழைய விதி. எஃப் 1.4 அதிலிருந்து ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு), அப்படியானால் 1/12800. மெக்கானிக்கல் ஷட்டர் பல கேமராக்களில் 1/8000-இலோ 1/4000-இலோ நின்றுவிடும். முழு எலெக்ட்ரானிக்குக்குப் போகலாம், ஆனால் ஓடும் பொருள் சாய்ந்துவிடும். மூன்று ஸ்டாப் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றைப் போட்டால் 1/1600-க்கு வந்துவிடுவாய். லென்ஸோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள் அது.

ஆட்டோஃபோகஸ் விஷயத்தில், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பெரிய நிம்மதி. படம் எடுக்கும் அதே சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் செய்ததுபோல் லென்ஸுக்கு லென்ஸ் திருத்தம் போட வேண்டியதில்லை. ஆனாலும் சோதி. ஒருவரை ஒன்றரை மீட்டரில் உட்காரவைத்து, கண்ணில் இருபது படம். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் ஃபோகஸை ஒரு முறை முடிவிலிக்கும் மறுமுறை மிக அருகிலும் தள்ளிவிட்டு எடு. பதினெட்டுக்குக் குறையாமல் இமைமுடி தெளிவாக வர வேண்டும். இங்கே கூர்மையின் மொத்த ஆழமே ஒன்றரை சென்டிமீட்டர், உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட்டாலே பாதி போய்விடும், எனவே தொடர் ஃபோகஸில் கண் கண்டறிதலை வைத்துக்கொள். நடுவில் ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பும் பழைய பழக்கத்தை இந்த லென்ஸோடு விட்டுவிடு. 15 டிகிரி திருப்பினாலே கூர்மைத் தளம் 5 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். இன்னொன்று, பெரும்பாலான கேமராக்களின் ஃபோகஸ் புள்ளிகள் ஒரு திசைக் கோடுகளைத்தான் நன்றாக உணரும். கிடைக்கோடுகள் மட்டும் உள்ள பொருளில் ஃபோகஸ் தடுமாறினால் கேமராவைச் சற்றே சாய்த்துப் பார்.

மூலை இருட்டையும் ஒரு முறை பார்த்துவிடு. லென்ஸ் திருத்தங்களை அணைத்துவிட்டு வெற்றுச் சுவரை எடுத்தால் முழுத் திறப்பில் மூலைகள் இரண்டு ஸ்டாப் வரை இருண்டிருக்கலாம். திருத்தம் போட்டால் மறைந்துவிடும், ஆனால் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்த படத்தின் மூலையில் ஐஎஸ்ஓ 12800-க்கு உரிய குருணை வந்துவிடும். இரவு வானம் எடுப்பாயானால் மூலையில் உள்ள விண்மீன்கள் சிறகு விரிக்கின்றனவா என்றும் பார். வேறு எதற்கும் அது முக்கியமில்லை.

கடைசியாக, எஃப் 1.8 போதுமா என்ற உன் கேள்வி. வெளிச்சத்தில் வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப். எண்ணை வைத்துத் தரத்தை எடை போடாதே. பால் ருடால்ஃப் 1896-இல் செய்த பிளானாரின் வழியில் வந்த ஆறு, ஏழு வில்லை அமைப்புதான் நெடுங்காலம் ஐம்பதுகளின் இலக்கணமாக இருந்தது. கேனான் ஆர்எஃப் 50 எஃப் 1.8 இன்றும் ஆறே வில்லை, 160 கிராம். நிக்கான் இசட் 50 எஃப் 1.8 எஸ் பன்னிரண்டு வில்லை, 415 கிராம். அதே நிக்கான் 2024-இல் கொண்டுவந்த எஃப் 1.4-இல் பத்து வில்லைதான், எடை 420 கிராம். குறைந்த எஃப் எண் உள்ளதுதான் திருத்தமானது என்று இல்லை என்பதற்கு இந்த இரண்டே சாட்சி. சோனியின் 50 எஃப் 1.4 ஜிஎம் பதினான்கு வில்லைகளோடு 516 கிராமில் நிற்கிறது. நிக்கானின் எஃப் 1.2 ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது. கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கப்போவது எது என்பதையும் யோசி. உன் பழைய படங்களில் எத்தனை எஃப் 2-க்குக் கீழே எடுத்தால் மேலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் நான்கு மூலைப் படங்களையும், 1.4, 2, 2.8-இல் எடுத்த அளவுகோல் படங்களையும், அந்த விளக்குப் படத்தையும் ஜேபெக் ஆக்காமல் ரா கோப்பாகவே அனுப்பு. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்கு இரண்டு நாளாவது முன்னால் என் கைக்கு வர வேண்டும். பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்திரு.

அன்புடன்,
உன் நண்பன்