ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பாதே

அன்புள்ள மெய்யப்பா,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலை. இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். ஏர் கன்னில் குறி பார்க்க மாட்டிய தொலைநோக்கியை, அதான் அந்த ஸ்கோப்பை, நீ திருப்பி அனுப்பப் போகிறாய் என்று சாத்தப்பன் சொன்னான். பொறு!

சுடச்சுடக் குறி மாறுகிறதென்றால் முதலில் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்டைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும். உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதையில் மவுண்ட் இம்மி இம்மியாகப் பின்னுக்கு நகரும். மவுண்டை ஒட்டி ரெயிலில் (துப்பாக்கி முதுகில் மவுண்ட் கவ்வும் தடம்) பென்சில் கோடு போட்டுவிட்டுச் சுடு. கோடு விலகினால் சந்தேகமே வேண்டாம்.

கழற்றி, 11 மி.மீ. ரெயிலையும் மவுண்டின் வாயையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடை. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் ஆகாது (உனக்குத்தான் எதற்கும் எண்ணெய் விடாவிட்டால் தூக்கம் வராதே). மவுண்டில் நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் இருந்தால் ரெயிலின் மேல் உள்ள துளைக்குள் இறக்கு. ஸ்கோப்பை வளைத்துப் பிடிக்கும் தனித்தனி ரிங்கைவிட ஒரே துண்டு மவுண்ட் கெட்டி.

இறுக்குமுன் ஸ்கோப்பை முன்பின் நகர்த்து. கன்னம் வைத்ததும் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டு சென்டிமீட்டர் வாக்கில் வரும். வளவில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் பிடித்து, ஸ்கோப்புக்குள் தெரியும் நெடுக்குக் கோட்டை அந்த நூலோடு பொருத்து. சாய்ந்திருந்தால் பத்து மீட்டரில் தெரியாது, முப்பதில் பக்கவாட்டில் இழுக்கும். ரிங் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. ரிங்கின் இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

பத்து மீட்டரில் மும்மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவை வைத்துத் திருத்து. ஸ்கோப் திருகின் ஒரு சொடுக்குதான் கிளிக்; கால் மினிட் (ஒரு பாகையில் 240-ல் ஒரு பங்கு) கிளிக் அங்கே 0.7 மி.மீ.தான், ஒரு சென்டிமீட்டர் நகர்த்த 14 கிளிக். ஸ்கோப்பின் மேல் திருகு தீர்ந்தும் பெல்லட் (குண்டு) கீழேயே விழுந்தால் குழல் தொங்குகிறது. பின் ரிங்குக்கு அடியில் பழைய பிலிம் துண்டு ஒன்று வை. துப்பாக்கியைக் கட்டைமேல் சாத்தாதே. உள்ளங்கையில் இளக்கமாகத் தாங்கு, இல்லையென்றால் எவ்வளவு திருகினாலும் குறி கூடாது.

குறிக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கு, கண்ணாடி போட்டுக்கொள். ஆத்தங்குடிக் கல்லில் தெறித்தால் கல்லும் போகும், கண்ணும் போகும். இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம்: பறவை பக்கம் குழல் திரும்பக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் கிடக்கட்டும், பறவைகள் சரணாலயம் உள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை.

உன் ஸ்கோப்பின் பாரலாக்ஸ் (கண் அசைந்தாலும் குறி அசையாத தூரம்) எத்தனை கஜம் என்று பெட்டியில் பார்த்து எழுது. மாற்றவே முடியாத 100 என்றிருந்தால் அது ஏர் கன்னுக்கு ஆகாது. கிட்டத்தில் கலங்கும், கண் அசைந்தால் குறியும் அசையும்.

உன்,
பழனியப்பன்